படியில் நின்றவன்

முப்பத்தோரு வருசம் கண்டக்டர்.
ஏற்றுவது, இறக்குவது,
படியில் தொங்குகிறவனைச் சட்டையைப் பிடித்து
உள்ளே இழுப்பது.
என் வயிற்றிலேயே ஒருத்தன்
டிக்கெட் எடுக்காமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது
எனக்குத் தெரியாது.

முதலில் வாய்வு என்றார்கள்.
ஓமம் மென்றேன். மோரில் பெருங்காயம்.
பிறகு கேஸ் என்றார்கள்.
அதுவும் வாய்வுதான், ஐம்பது ரூபாய் கூட.
மூன்றாவது இட்லியைத் தொட்டால்
மாடி ஏறினவன் மாதிரி மூச்சு வாங்கும்.
நெஞ்சுவலிக்கு நாலு தடவை ஈ.சி.ஜி.
நாலும் நார்மல்.
"இதயம் இரும்பு" என்றார் ஓட்டேரி டாக்டர்.
ரத்தம் மட்டும் எட்டுக்கு இறங்கியிருந்தது.
எங்கே கசிகிறது என்று தேடாமல்
இரும்பு மாத்திரை எழுதினார்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி.
குமட்டுகிறது, குமட்டிக்கொண்டே இருக்கிறது,
ஒரு சொட்டு வெளியே வரவில்லை.
பெரம்பூர் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர்.
மேல்வீட்டு இருதயராஜ் ஆட்டோவைச்
சுற்றி ஓட்டினான். திலகவதி
என் முதுகைத் தடவிக்கொண்டே
அவனைத் திட்டிக்கொண்டு வந்தாள்.

ஸ்டான்லியில் மூக்கு வழியாக விட்ட குழாய்
பாதியில் முட்டித் திரும்பியது.
எக்ஸ்ரேயில், இதயத்துக்குப் பின்னால்,
ஒரு காற்றுக்குமிழ்.
அதற்குள் தண்ணீர்க்கோடு.

பொற்கொடி என்கிற சின்ன டாக்டர்
கேஸ் ஷீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினாள்.
உதரவிதானமாம்.
அறுபத்தேழு வயதில் கற்ற சொல்.
அதில் உணவுக்குழாய் இறங்க ஒரு வாசல்.
வாசல் தளர்ந்து, குழாயின் பக்கமாக
இரைப்பை நெஞ்சுக்குள் நுழைந்துவிட்டது.
நுழைந்தது சும்மா இல்லை,
பிழிந்த வேட்டி மாதிரி முறுக்கிக்கொண்டது.
"எத்தனை வருசமா இப்படி?"
"அத நீங்கதான் சொல்லணும்."

அடுத்ததை நான் பார்க்கவில்லை.
மீதிச் சில்லறைக்கு நச்சரிக்கும் பயணியாக
அவளிடம் கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

ஐந்து துளை. ஒரு கேமரா.
இரைப்பையை நேராக இழுக்கக் கூடாதாம், கிழியும்.
அதைப் போர்த்தி ஏறிய சவ்வுப்பையை
நெஞ்சிலிருந்து உரித்து உரித்துக்
கூடவே இறக்கினார்களாம்.
இறங்கியபோது கத்திரிக்காய்த் தோல் நிறம்.
வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டுக்
காத்திருந்தார்கள்.
பத்து நிமிசம் யாரும் பேசவில்லை என்றாள்.
பிறகு ஓர் ஓரம் சிவந்தது,
அறை வாங்கிய கன்னம் போல.

"சிவக்கலேன்னா?"
"வெட்டி எடுத்திருப்போம்."
கையில் பாதி தின்ற பன்.
விடியவிடிய நின்றவளின் பசி.

தளர்ந்த வாசலின் இரண்டு தூணையும்
இழுத்துச் சேர்த்துத் தைத்தார்கள்.
இரைப்பையின் மேல்முனையைக் குழாயைச் சுற்றிப்
பனிக்கால மஃப்ளர் போல் கட்டினார்கள்.
ஓரத்தை வயிற்றுச் சுவரோடு
இரண்டு தையலில் பிணைத்தார்கள்.
கம்பியைப் பிடிச்சு நில்லுங்க என்று
லட்சம் தடவை கத்தியவன் நான்.
என் இரைப்பைக்கு அதை
வேறு யாரோ சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது கஞ்சி, குழைந்த சாதம்,
வேளைக்கு அரைக் கிண்ணம்.
ஏப்பம் வருவதில்லை.
மைத்துனன் மகள் கல்யாணத்தில்
சாப்பிட்டு மௌனமாக எழுந்தேன்;
சமையல்காரர் முகம் சுருங்கியது.

டிஸ்சார்ஜ் அன்று ஒன்று கேட்டேன்.
"திரும்ப ஏறுமா?"
பேனாவை மூடினாள்.
"சிலருக்கு ஏறும்."
பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.
அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

தலைமாட்டில் மூன்று தலையணை.
கடைசி பஸ் டிப்போவுக்குத் திரும்புகிற நேரத்தில்
விலாவுக்குக் கீழே
யாரோ படியில் கால் வைத்த மாதிரி இருக்கிறது.
மூச்சைப் பிடித்துக் கேட்கிறேன்.
"வாய்வுதான், தூங்குங்க"
என்கிறாள் திலகவதி,
அவளும் தூங்காமல்.