சோகை கீறிய கண்

அஞ்சலாட்சி, நாற்பத்தொன்று, மேல்பட்டாம்பாக்கம்.
சீட்டில் இவ்வளவுதான்.
கடலூர் பஸ்ஸில் புதுச்சேரிக்கு வந்திறங்கி
முந்தானையால் கண்ணைப் பொத்தியபடி
மீதியை அவளே சொன்னாள்:
கட்டிங் ஆர்டர் வந்த மூன்றாம் நாள்
கரும்புச் சோகை வலது கண்ணில் ஒரு இழுப்பு.
எதிர்வீட்டுப் பிள்ளை பெற்றவளிடம் ரெண்டு சொட்டுப் பால்.
அப்புறம் நெல்லிக்குப்பம் மருந்துக்கடையில்
நாற்பது ரூபாய்ச் சொட்டு.
"போட்டதும் செவப்பு போச்சு தம்பி."
சிவப்புதான் போனது.
காவலுக்கு நின்றவர்களைத்
தூங்கவைக்கிற மருந்து அது.

டாக்டர் சுரண்டித் தந்த துகளில்
பொட்டாஷ் ஒரு துளி விட்டேன்.
மனிதச் சதை கரையும். அது கரையாது.
துறைமுகத்து நண்டின் ஓடும்
அதன் சுவரும் ஒரே சரக்கு.

லென்சைத் திருப்பினேன்.
கணு, கணு, கணு.
கிளைத்துச் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்து
வெட்ட ஆளில்லாத கரும்புத் தோட்டம்.
'பூஞ்சை: உண்டு' என்று எழுதினேன்.

அதற்கு இவள்மேல் பகையில்லை.
மக்கிய சோகை, ஈர மண், அதுதான் அதன் ஊர்.
தண்ணீரில்லாத வைகாசியை
வித்தாகச் சுருண்டு கடக்கத் தெரியும்.
கெடிலம் பெருகினால் மிதக்கத் தெரியும்.
நம் மூச்சோடு தினம் உள்ளே போய்
ரத்தச் சூட்டில் பெரும்பாலும் செத்தும் போகும்.
கருவிழி மட்டும் கொஞ்சம் குளிர்ந்த இடம்.
வெளிச்சம் போகட்டுமென்று
ரத்தக் குழாயே வைக்காமல் விட்ட சன்னல்.
கீறல் விழுந்தது அங்கே.

நான்காம் நாள் உருளைக்கிழங்குத் தட்டில்
வெள்ளைப் பஞ்சு, அடியில் லேசான ஊதா.
தொட்டெடுத்துப் பார்த்தால் வித்துகள்
வளைந்து, முனை கூர்ந்து,
அரிவாள் அரிவாளாக.
யாரிடமும் சொல்லவில்லை.
சொல்ல என்ன இருக்கிறது,
பாடப்புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது.

மருந்து வெள்ளையாய் அடியில் தங்கும்.
குலுக்கித்தான் விடணும்,
மணிக்கொரு தடவை, ராத்திரியும்.
அவள் கேட்டது ஒன்றுதான்:
"பதினஞ்சு நாள்ல வெட்டுக்குப் போலாமா?
முன்பணம் வாங்கிட்டேன்."
டாக்டர் கோப்பைப் பார்த்தார்.
நான் கையிலிருந்த கண்ணாடிச் சில்லைப் பார்த்தேன்.

ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தது.
முத்தியால்பேட்டையில் ஐப்பசி ஈரம்.
கொடியில் நாலு நாளாய்க் காயாத சட்டை,
காலரில் கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளி.
அங்கே யாராவது பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருப்பார்கள்,
அல்லது அசந்து தூங்கியிருப்பார்கள்.
நகத்தால் ஒரு புள்ளியைச் சுரண்டினேன்.
போகவில்லை.