முதலாவது விண்ணப்பதாரர்

எங்கள் ஒழுங்கையில் ஐந்து வீடு.
கடைசிக் கம்பம் வைரவர் முடக்கில் நிற்கிறது.
அங்கிருந்து மூன்று கம்பத் தூரம் நாங்கள்.

முதலில் கேட்பவர் மூன்றுக்கும் கட்டவேண்டும்.
பிறகு கேட்பவருக்கு
வயரும் மீற்றரும் மட்டும்.
விதியைப் படித்துச் சொன்னது அன்னலிங்கத்தார்.
சொன்ன நாளிலிருந்து
ஐந்து வீடும் இருட்டுக்குள் மரியாதையாய் இருந்தோம்.
"நீங்கள் முதலில எடுங்கோவன்,
உங்களுக்குத்தானே படிக்கிற பிள்ளையள்."
"இல்லையக்கா, உங்களுக்குத்தானே கிணத்து மோட்டர்."
இப்படியொரு விட்டுக்கொடுப்பை
எந்தக் கல்யாணப் பந்தியிலும் நான் கண்டதில்லை.

பொறுக்காமல் போனது நான்தான்,
தையல் மெசினுக்கு மோட்டர் பூட்டுகிற ஆசையில்.
சபையிலிருந்து ஒரு பொடியன் வந்தான்.
நாடா பிடித்து அளந்தான்.
முளைக்கட்டை கொண்டுவர மறந்துபோனான்.
பிலோமினாவின் வேலியில் மூன்று கிளுவைத் தடி முறித்துக்
குத்திவிட்டுப் போனான்.
மதிப்பீடு தபாலில் வந்தது:
இரண்டு இலட்சத்து எண்பத்தேழாயிரத்துச் சொச்சம்,
தொண்ணூறு நாளுக்குச் செல்லும்.
சொச்சம் என்னிடம் இருந்தது.

இணைப்புக் கட்டணங்களை மீளாய்வு செய்கிறார்களாம்,
பொதுமக்களும் வந்து கதைக்கலாமாம்.
ஒருவருக்கும் சொல்லாமல் ஏழேகால் பஸ் எடுத்தேன்.
மண்டபத்தில்
முன் கதிரையில் அன்னலிங்கத்தார்.
அவருக்குப் பின்னால், குடையை மடியில் வைத்தபடி பிலோமினா.
தூணுக்கு மறைவில் குகநேசனும் பெண்சாதியும்.
கனடாக் காசு வரும், இவள்தான் முதலில் எடுப்பாள் என்று
நாங்கள் எல்லோரும் நம்பியிருந்த தவராணியும்.
அடகுக்கடையில் கண்டுகொண்டவர்களைப் போல
ஆளையாள் பார்த்துச் சிரித்தோம்.

மேசையில் மூன்று பேர், ஓரத்தில் மொழிபெயர்ப்பாளர்.
திரையில் ஒரு வட்டம் துண்டுதுண்டாய் வெட்டுப்பட்டுக் கிடந்தது.
சராசரிச் செலவு என்ற சொல் பதினொரு தரம் வந்தது,
எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒரு வீட்டுக் கம்பத்துக்கு
நாடு முழுக்கக் கட்டுவது நியாயமோ என்றார் சபைக்காரர்.
அதுவும் பொய்யில்லை.
ஒழுங்கை முழுக்கப் பாவிக்கிற கம்பத்துக்கு
ஒரு வீடு கட்டுவது?

பிலோமினா எழும்பி ஒரு துண்டை விரித்தாள்,
எண்பத்தொன்பதில் பில் கட்டின ரசீது.
"இது எனக்குப் புதிய இணைப்பில்லை" என்றாள்.
அது இந்த மீளாய்வின் எல்லைக்குள் வராதாம்.
நாலாய் மடித்து வைத்தாள்.

என் முறை வந்தது.
மதிப்பீடு கிடைத்து எவ்வளவு காலம் என்று
நடுவில் இருந்த அம்மா சிங்களத்தில் கேட்டார்.
"கம்பம் துளிர்த்திட்டுது, அம்மா.
முதலாவதில நாலு கொப்பு.
இரண்டாவதில அன்னலிங்கத்தாற்றை ஆடு கட்டியிருக்கு,
அது குழை கடிச்சுக் கடிச்சு வளரவிடுதில்லை.
மூண்டாவது என்ர படலைக்கு நிழல்."
மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பிறகு இரண்டே சொல் சொன்னார்.
அவ்வளவு சிங்களம் எனக்கும் தெரியும்:
எட்டு மாதம்.
அந்த அம்மா எழுதிக்கொண்டார்.

தேத்தண்ணியும் ஒரு ரோல்ஸும் தந்தார்கள்.
எழுத்தில் தருவதென்றால் மாதக் கடைசிவரை தவணை.

ஐந்தரை பஸ்ஸில் ஐந்து வீடும் ஒன்றாக வந்தோம்.
சுன்னாகம் தாண்டக் குகநேசன் வாய் திறந்தான்:
"அஞ்சாப் பிரிச்சா ஐம்பத்தேழுதானே வரும்."
ஓம் என்றோம். எல்லோரும் ஓம் என்றோம்.
படிவத்தில் விண்ணப்பதாரர் பெயருக்கு
ஒரு வரிதான் இருக்கிறது.
"உங்கட பேரைப் போடுங்கோவன்."
"சீ, நீங்கள் இருக்கேக்க நானோ?"
தெல்லிப்பழை வரும்வரை இதே கதை.

இறங்கி நடக்க இருட்டிவிட்டது.
வைரவர் முடக்கில் கடைசிக் கம்பத்து பல்ப் எரிந்தது.
அதுவரைக்கும் ஒரு கூட்டமாய்ப் போனோம்.
அதற்கப்பால் ஆளுக்கொரு ரோச்.