கட்டைவிரலுக்கு அடியில்

அலுவலகத்தில், இருபத்தேழு அங்குலத் திரையில்
எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
ஆடிக்கு வெளியே சித்திரை,
சித்திரைக்கு வெளியே ஆவணி மூலம்,
அப்புறம் மாசி, அப்புறம் வெளிவீதி.
சதுரத்துக்குள் சதுரம் போட்டு
பாதி வேலையை ஊரே முடித்து வைத்திருந்தது.

வில்லாபுரம். பகல் ஒன்றேகால்.
தண்ணி லாரி பதினொன்று, ஓட்டுநர் சோணைமுத்து
கைபேசியை வாங்கி வெயிலில் பிடித்தார்.
மூன்று வாரமாக நான் தேர்ந்தெடுத்த
இளஞ்சாம்பல், அதைவிட இளஞ்சாம்பல்
ஒன்றையும் காணோம்.
கண்ணாடியில் அவர் மீசை மட்டும் தெளிவாக.

ஈரக் கட்டைவிரலை வைத்தார்.
கீரைத்துறை மறைந்தது.
விரலை எடுத்தார்,
வரைபடமும் கூடவே வழுக்கி
அனுப்பானடியில் போய் நின்றது.
அந்த அளவில் ஒரு விரலின் அகலம்
நானூறு வீடு.

பெயரும் பெயரும் மோதினால்
சின்னது விலக வேண்டும்.
விதி நான் எழுதியது.
மஹால் நிற்கும். ரயில் நிலையம் நிற்கும்.
காசு கட்டியிருந்தால் நகைக்கடை நிற்கும்.
குடத்தோடு நின்ற ஜெசிந்தா எட்டிப் பார்த்து,
"எங்க முடுக்கக் காணோமேக்கா" என்றாள்.
சொல்லிவிட்டு வரிசைக்குத் திரும்பினாள்.
அவளுக்கு அது புதுச் செய்தி இல்லை.

ராத்திரி உட்கார்ந்து நிறங்களைக் கொன்றேன்.
கறுப்பு, வெள்ளை,
லாரி போகும் வழிக்கு ஒரு ஆரஞ்சு. போதும்.
கோபுரங்களுக்குப் போட்ட
நாலு குட்டிப் படத்தையும் எடுத்தேன்.
கோபுரம் பார்க்கத் திரை எதற்கு,
தலையைத் தூக்கினால் ஆயிற்று.
வைகை நீலமாக ஓடிக்கொண்டிருந்தது,
எவரோ எப்போதோ ஊற்றிய நீலம்.
மணல் நிறத்துக்கு மாற்றினேன்.
அணை திறந்துவிட்டால் என்ன செய்வது?
மறுபடி நீலம்.
இப்படியே ஒரு மணி நேரம்.

தொட்ட இடத்தின் பெயர் இனி
விரலுக்கு அடியில் கிடக்காது,
ஒரு நகம் தள்ளி மேலே எழும்பும்.
பம்ப் ரூம் முடுக்கு.
பன்னிரண்டு எழுத்தும் கறுப்பாக, தடிமனாக.
நகைக்கடை விலகிக்கொண்டது.

வியாழக்கிழமை
சோணைமுத்து அதே வெயிலில் வாசித்தார்.
ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாக.
எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"பேரு நல்லாத் தெரியுதும்மா.
ஆனா அந்த முடுக்குல லாரி நுழையாதே."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. குடத்தை இடுப்பு மாற்றினாள்.

"உங்க குழாய் எத்தனை அடி?"

"அறுபது. ஒட்டுப் போட்டது போக அம்பத்தஞ்சு."

குறித்துக்கொண்டேன்.