சைபருக்குக் கொஞ்சம் இடது பக்கம்

குறிச்சி சிட்கோ, பின்வரிசை, தகரக் கூரைச் சோதனை அறை.
எட்டரை கிலோ வார்ப்பிரும்புக் கட்டை ஒன்று,
இரண்டு பக்கமும் சுருள்வில்,
அடியில் எண்ணெயே காட்டாத எஃகுத் தண்டவாளம்.
இழுத்து விட்டால் போய் வருகிறது,
போய் வருகிறது,
ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு குறைந்து.

எண்ணெய்க்குள் ஆடுவது வேறு.
பாதி, பாதியில் பாதி, அதில் பாதி என்று
கிளம்புகிறேன் கிளம்புகிறேன் எனச் சொல்லி
வாசலிலேயே நின்று பேசும் விருந்தாளி அது.
இது சீட்டுக்காரர் வசூல்.
ஆட்டத்துக்கு நாலு மில்லிமீட்டர்.
கொடுக்க இல்லாத அன்று
நின்றுவிட வேண்டியதுதான்.

எழுதினால் ஒரே வரி:
வலது போனால் இடது இழு,
இடது போனால் வலது இழு,
வேகம் என்னவானாலும் அதே விசை.

நிற்கும்போது?

அங்கே அந்த வரிக்கு வாயடைக்கிறது.
நிற்கிற கட்டை
தள்ளுகிற அளவுக்கே எதிர்த்துத் தள்ளும்,
கூடவும் இல்லை குறையவும் இல்லை,
ஒரு எல்லை வரை.
அது தெரியாத கம்ப்யூட்டர்
சைபரில் வந்து நின்று
இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
விடிய விடிய நடுங்கியது.

பொறுக்காமல்
அந்தச் செங்குத்துப் படியைச் சீவி
வளைவாக்கினேன்.
கோடு வழுவழுவென்று வந்தது.
"இதையே அனுப்பீருங்" என்றார் மேனேஜர் சென்னியப்பன்.
பூனேக்காரர்களுக்கு உராய்வு எண் ஒன்று வேண்டுமாம்.
ஒன்றே ஒன்று.
ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
ஜன்னல் சந்து வழியே ஈரம் கொண்டுவருகிறது;
காலையில் ஒரு எண், மத்தியானம் வெயிலுக்கு வேறு எண்,
கீழ்வரிசை ஃபவுண்டரி மண் பறந்தால்
இரண்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி, சும்மா ஒரு சந்தேகத்துக்கு,
வில்களைக் கழற்றித்
தண்டவாளத்தை ஐந்து டிகிரி சாய்த்துக்
கட்டையை வைத்தேன்.
திரையிலும் அப்படியே வைத்து
ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன்.
உக்கடத்தில் பஸ் பிரேக் போட்டு அலறியது.
ஒட்டு, விடு, ஒட்டு, விடு,
நொடிக்கு ஆயிரம் தடவை.
காதைப் பொத்தாமல் கேட்ட ஒரே பயணி நான்தான்.

சனிக்கிழமை.
திரையில் இருந்த கட்டை
நாலு விரற்கடை இறங்கியிருந்தது.
தண்டவாளத்தில் இருந்தது
வைத்த இடத்திலேயே,
மேலே ஒரு பல்லி படுத்திருக்க.

என் வளைவுக்கு நிற்கத் தெரியவில்லை.
மெதுவாகப் போவதைத்தான்
நிற்பது என்று நினைத்திருக்கிறது.
திம்பம் மலையில் கை பிரேக் போட்ட லாரியை
அதனிடம் ஒப்படைத்தால்
டிரைவர் தூங்கி எழுவதற்குள்
ஒரு முழம் தள்ளிவிட்டு
நான் அசையவே இல்லை என்று சத்தியம் செய்யும்.

வளைவை அழித்தேன்.
ஒவ்வொரு நொடித்துண்டிலும்
கட்டையிடமே ஒரு கேள்வி வைத்தேன்:
பிடித்துக்கொள்ள முடியுமா?
முடிந்தால் பிடி. முடியாவிட்டால் போ.
எழுதி முடிக்க ஒன்பது நாள்.
ஒட்டும் இடம், விடும் இடம்,
இரண்டுக்கும் நடுவே எனக்கு மூன்று தலைவலி மாத்திரை.

பிறகு வில்களை மாட்டி
ஃபிட்டர் நாச்சிமுத்து இழுத்துவிட்டான்.
திரையிலும் இரும்பிலும்
ஐந்து ஆட்டம், ஒன்றுபோல.
இரண்டும் நின்றன.
நடுக்கோட்டில் இல்லை.
முக்கால் மில்லிமீட்டர் இடது பக்கம்.
வில் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்தது;
கட்டைக்கு வர மனசில்லை,
வரவேண்டிய கட்டாயமும் இல்லை.

"அட, இத்தனூண்டுதானுங்களே" என்று
நாச்சிமுத்து சைபருக்குத் தள்ள விரல் நீட்டினான்.
தொடாதீங்க என்று நான் போட்ட சத்தத்தில்
பல்லி விழுந்து ஓடியது.

அறிக்கையில் எழுதினேன்:
ஓய்வு நிலை, மைனஸ் பூஜ்யம் புள்ளி ஏழு ஐந்து.
சாயங்காலம் போன் வந்தது.
"கருணாம்பிகை, இந்த மைனஸ் எதுக்குங்?
எடுத்துட்டு அனுப்புனா ஆகாதுங்களா?"

ஆகாதுங்.