அவசர வழி

மதியம் மூன்று பத்து.
நாகமலையைப் பார்த்த நான்காவது மாடியில்
மீட்டர் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது என்றது.
அறுபத்திரண்டு பேர் விட்ட மூச்சை
அதே அறுபத்திரண்டு பேர்
திரும்ப இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மத்தியானம் கறிதோசை, மேடம்.
எல்லாருக்கும் சொக்கத்தான் செய்யும்" என்றார்
மேனேஜர் டெல்ஃபின்.
தோசை மேல் பழி போடலாம்.
அது பதில் பேசாது.

மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி.
வெயிலுக்கு அனுமதி உண்டு, காற்றுக்கு இல்லை.
தலைக்கு மேல் ஏ.சி. துவாரத்தில்
போன வருஷக் காலண்டர் அட்டையை
ஒட்டி வைத்திருந்தாள் ஃபர்ஸானா.
இரண்டு நாற்காலி தள்ளி
சட்டை முதுகோடு ஒட்டிப்போய் வீரணன்.
"குறைக்கவோ கூட்டவோ முடியாதா?"
"கன்ட்ரோல் பெங்களூர்ல இருக்கு மேடம்.
டிக்கெட் போட்டிருக்கோம்."

மீட்டரைக் கையில் ஏந்தி
நடைவழியில் நடந்தேன்.
ஆயிரத்து இருநூறு.
கழிவறை தாண்டி எண்ணூறு.
நானூற்று நாற்பதில் நின்றபோது எதிரே
அவசர வழிக் கதவு.
எப்போதும் மூடி வைக்கவும் என்ற பலகைக்குக் கீழே
அதை அகலத் திறந்து பிடித்திருந்தது
பாதி காலியான ஒரு ஃபினாயில் கேன்.

வெளியே இரும்புப் படிக்கட்டில் ஏழு பேர்.
ஒருத்தன் போனில்,
ஒருத்தி கடலைத் தோலை ஊதிக்கொண்டு,
மற்றவர்கள் சும்மா,
கண்மாய்க் கரையில் ஆடு ஏறுவதைப் பார்த்தபடி.
ஒருவர் முகத்திலும் தூக்கம் இல்லை.

"யார் வச்சது இதை?"
ஏழு பேருக்கும் காது கேட்கவில்லை.
மாப்பை ஊன்றி நின்ற ஒச்சம்மாள் சொன்னாள்:
"நாந்தேன். தரை காய வேணாமா?"

ஆறாம் பக்கத்தில் எழுதினேன்:
தீக்கதவு திறந்திருப்பது விதிமீறல், உடனே மூட வேண்டும்.
எழுதித்தான் ஆக வேண்டும்.
புகை கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை.

பிறகு புதுக் கட்டடத்தின் தாளை விரித்தேன்.
முந்நூறு பேருக்கு.
மேற்கே படிக்கட்டை வைத்தேன்,
வெயிலை அது முதலில் வாங்கிக்கொள்ளட்டும் என்று.
திருப்பத்தில் ஏழு பேர் நிற்க இடம்.
வடக்கே திறக்கிற ஜன்னல்கள்,
கொண்டி ஒச்சம்மாளின் கை எட்டும் உயரத்தில்.

தாள் சிவப்பு மையோடு திரும்பி வந்தது.
இந்தத் திருப்பத்தில் பதினான்கு சீட் போடலாமே?
நான்காவது முறையாகப் பதில் எழுதுகிறேன்.
போடலாம் சார்,
பதினான்கு பேரையும் தூங்க வைக்கலாம்.
அழித்துவிட்டு
மரியாதையாக வேறொன்று எழுதுகிறேன்.

இரவு பதினொன்றரை. கோச்சடை.
மேஜையில் மறந்து வைத்த மீட்டரில்
ஆயிரத்து முந்நூற்றுப் பத்து.
கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கே
சாத்தின ஜன்னல்.
எழுந்து போய்த் திறந்தேன்.
கொசுதான் முதலில் வந்தது.