அரைப் புள்ளிக்கு முழுக் கை

வயிரவன் அண்ணே,
கம்பியை எடை போட்டபடியே கேளுங்கள், நிறுத்த வேண்டாம்.
அக்டோபர் இரண்டு, காலை பதினொன்று,
பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி. கிராம சபை.

அரசியல் சாக்கடை என்கிறீர்கள்.
நம்மூரில் சாக்கடையே இன்னும் கட்டவில்லை.

முறை மாறக் கூடாது என்பவர் நீங்கள்.
சரி, முறையையே பேசுவோம்.
ஊருணி வெட்டியவர்கள்
எந்தக் கலெக்டருக்கு மனு எழுதினார்கள்?
வரத்துக்கால் அடைபட்டால் மறுநாளே கூட்டம் போட்டார்கள்.
இன்று அதே வரத்துக்காலில் யாரோ செங்கல் அடுக்கியிருக்கிறார்கள்.
நீங்கள் சென்னைக்குத் தபால் போட்டுவிட்டு
ஒப்புகைச் சீட்டைக் கல்லாவில் பத்திரப்படுத்துகிறீர்கள்.
மூன்று சீட்டு. எண்ணிவிட்டேன்.

அரசாங்கம் வீட்டுக்குள் வரக் கூடாது என்பீர்கள்.
எனக்கும் அதுதான் ஆசை.
நாம் நிற்காத இடத்தில்தானே
அது நாற்காலி போடுகிறது?

இன்னொன்று. கோபப்படாதீர்கள்.
கோயில் வரிக் கணக்கில் உங்கள் வீடு ஒரு புள்ளி.
மாப்பிள்ளை போன பிறகு உங்கள் தங்கை
தேனம்மை ஆச்சி அரைப் புள்ளி.
அரை வரியை ஒரு வருஷமும் அவர் பாக்கி வைத்ததில்லை.
பேச்சு வரும்போது மட்டும்
அவருக்கு முற்றுப்புள்ளி.

கிராம சபையில் அரை கிடையாது, அண்ணே.
ஓட்டர் பட்டியலில் பெயர் இருந்தால் முழுக் கை.
நூறு நாள் வேலைக்கு மண் சுமக்கும் பஞ்சவர்ணத்துக்கும்
அதே நீளக் கை.
புதுசு என்று மிரளாதீர்கள்.
ஆளுக்கொரு எடைக்கல் கூடாதென்று
இந்தக் கடையில் எழுதி மாட்டியவர் நீங்கள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு கம்பியை வெயிலுக்கு நேரே பிடித்து
வளைவு பார்த்தார்.
"டீ சாப்பிடுறீங்களா மெம்பர்?"

இரண்டாம் தேதி வந்தார்.
செருப்பைக் கழற்றாமல் கேட்டுப் பக்கத்தில்,
கிளம்பப் போகிறவர்போல.
தூர்வாரிய பில் இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம்
என்று வாசித்ததும்
"எத்தனை லோடு மண்ணு?" என்றார்.
செயலர் பேனாவைத் தேடினார்.
பின்வரிசையிலிருந்து பஞ்சவர்ணம்:
"ஒம்பது. நாந்தான் எண்ணுனேன்."

அடுத்து என் தீர்மானம்:
வீட்டு வரியைக் கொஞ்சம் கூட்டி
வரத்துக்காலை நாமே வெட்டுவது.
வயிரவன் அண்ணன் எதிராகக் கை தூக்கினார்,
கக்கம் தெரிய, நேராக.
அந்தப் பக்கம் ஆச்சியின் கை, ஆதரவாக.
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
யாரும் இறக்கவில்லை.

பதினொரு கையில் தோற்றேன்.

மினிட் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது
மை வராத பேனாவை உதறிக்கொண்டே கேட்டார்,
"அடுத்தது நவம்பர் ஒண்ணுதானே?"

அண்ணனும் தங்கையும் ஒரே ஆட்டோவில் போனார்கள்.
தெருமுனை தாண்டியும்
சண்டை கேட்டது.