இரண்டாவது குப்பி

ஒன்று வாங்கினால் இன்னொன்று பாதி விலை.
ரைவோதான் வாங்கினான்.
"பாஸ்போர்ட் பொய் சொல்லும் மெரிகே,
எச்சில் சொல்லாது."

பிப்ரவரியில், கோப்லி டிராம் நிறுத்தத்தில்,
தொப்பியில் பனியைத் தட்டிக்கொண்டே உட்கார்ந்தவன்
எழுந்திருக்கவில்லை.
பிரிக்காத குப்பிகள் ஃபிரிட்ஜின் மேல்
வெங்காயக் கூடைக்குப் பின்னால் கிடந்தன.

காசு கொடுத்த பொருள்.
ஏப்ரலில் ஒரு காலை,
ஹெல்சின்கி கப்பலில் இரவுமுறை முடித்து வந்து
பல் துலக்காமல், காபி குடிக்காமல்
என் பெயர் ஒட்டிய குப்பியில் கோடுவரை துப்பினேன்.
வாயில் இன்னும் மிச்சமிருந்தது.
அவன் பெயர் ஒட்டியதிலும் துப்பினேன்.

ஆறு வாரம் கழித்து வந்தது.
மெரிகே: பிறந்து ஐம்பத்தேழு வருடம்,
செல்களுக்கு அறுபத்தொன்று.
சிவப்பு எழுத்து. உப்பைக் குறையுங்கள்,
இரவில் உறங்குங்கள்.
ரைவோ: பிறந்து அறுபத்து மூன்று வருடம்,
செல்களுக்கு ஐம்பத்து நான்கு.
பச்சை எழுத்து. வாழ்த்துகள்!
இப்போது எப்படி வாழ்கிறீர்களோ
அப்படியே தொடருங்கள்.

விலா பிடித்துக்கொள்ளும்வரை சிரித்தேன்.
மேல்மாடி ஸோயா இறங்கி வந்து கதவைத் தட்டி
அழுகிறாயா என்றாள்.

ஒரே வாய், ஒரே காலை.
நடுவில் ஏழு வருடம்.
உதவி எண்ணில் ஒரு பெண், கனிவான குரல்:
மரபணுவின் மேல் ஒட்டும் மெத்தில் பொட்டுகளை
எண்ணித்தான் சொல்கிறோம்,
அன்று உங்களுக்குச் சளி இருந்ததா,
ஒரு முறைக்கு ஒரு முறை
கொஞ்சம் முன்னே பின்னே வரும்.

கொஞ்சம்.

கப்பலின் சலவை அறையில்
விரிப்புகளின் ஓரத்தில் மையால் புள்ளி வைப்போம்,
பத்துச் சலவைக்கு ஒன்று.
பத்தாவது புள்ளியில் அது தரை துடைக்கும் துணி.
ஏழிலேயே நைந்து
வெளிச்சம் ஊடுருவுவதும் உண்டு.
பத்தைத் தாண்டியும் மொடமொடவென்று
முதல் வகுப்புக் கட்டிலில் விறைத்துக் கிடப்பதும் உண்டு.
அதற்குப் புள்ளி வைக்கவேண்டியவள்
தூங்கி வழிந்திருப்பாள்.
பெரும்பாலும் நான்தான்.

தகவலை அழிக்கட்டுமா, வைத்திருக்கட்டுமா
என்று அந்தப் பெண் கேட்டாள்.
என்னுடையதை அழித்துவிடுங்கள்.
அவனுடையது இருக்கட்டும்.
அப்படியானால் வருடத்துக்கொருமுறை
நினைவூட்டல் வரும், பரவாயில்லையா?
"ரைவோ, மறுபடி அளந்து பார்க்கும் நேரம்"
என்று வரும்.

வரட்டும்.
அன்றைக்கும் பல் துலக்காமல் இருப்பேன்.